தங்கூசியும் முடிச்சும்: தூத்தூரிலிருந்து பாம்பன் வரை

ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரம் நம் கடற்கரைக்கு ஒரு விநோதமான காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 அன்று தொடங்கிய மீன்பிடித் தடை ஜூன் 14 வரை நீள்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 அன்று தொடங்கி ஜூலை 31 வரை போகிறது. இரண்டு பக்கத்து விசைப்படகுகளும் சேர்ந்தாற்போல் கட்டிக் கிடப்பது இந்த நாட்களில் மட்டும்தான். கடலுக்குப் போகாத மீனவர் சும்மா இருப்பாரா? இஞ்சினைப் பிரித்துப் போடுவார், வலை பொத்துவார், தூண்டில் கட்டுவார். முடிச்சு பார்க்கப் போகிறவனுக்கு இதைவிட நல்ல பருவம் வாய்க்காது.

நான் திருவையாற்றுப் பக்கத்துக்காரன். எங்கள் தூண்டில் என்பது மூங்கில் கழி, மயிலிறகுக் காம்பில் செய்த தக்கை, ஒரு கொட்டாங்கச்சி நிறைய மண்புழு. ஆற்றில் கெண்டை, கெளுத்தி, குளத்தில் விரால். இரண்டு கிலோவில் ஒரு விரால் வந்தால் தெருவே கூடிவிடும். அந்த மீனுக்கு அப்பா போட்டுக்கொடுத்த முடிச்சே போதுமாக இருந்தது. இப்போது கடைக்குப் போனால் ஒற்றை இழை நைலான், ஃபுளோரோகார்பன், பின்னல் நூல் என்று மூன்று விதம் எடுத்துப் போடுகிறார்கள். எதற்கு எந்த முடிச்சு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். மேட்டூரில் தண்ணீர் திறக்கும்வரை ஊரில் தூண்டிலுக்கு வேலையும் இல்லை. கடல்காரர்களையே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

தூத்தூர்

கேரள எல்லையான நீரோடிக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் கடலோர ஊர்களில் ஒன்று தூத்தூர். தென்மேற்குப் பருவமழை இறங்கியிருந்தது. அலை, கல் அடுக்கிய தடுப்பின் மேலேறி வந்து ரோட்டில் தெறித்தது. எங்கள் ஊரில் ஜூன் என்றால் வெடித்த வயல். இங்கே தென்னங்கீற்றிலிருந்து நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கிறது.

சுறாவுக்கும் சூரைக்கும் பேர்போன ஊர்கள் இவை. ஆயிரங்கால் தூண்டிலை ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் அரபிக்கடலில் கிடப்பார்கள். லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள், குஜராத் பக்கமும் போவார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த ஊர்களிலிருந்து போனவர்களில் பலர் திரும்பவில்லை. யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் எங்கோ ஓரிடத்தில் அந்தப் புயல் வந்துவிடுகிறது. வந்ததும் அவர்களே பேச்சை மாற்றியும் விடுகிறார்கள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் கிளைத் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார். தாய்க்கயிற்றிலிருந்து வரிசையாகத் தொங்கும் சிறு கயிறுகள்தான் கிளைகள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு முள். அவர் கையிலிருந்த தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, இரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வளைத்தால் திமிறிக்கொண்டு நிமிர்ந்தது. இதில் எப்படி முடிச்சு விழும் என்று கேட்டேன்.

"விழாது மக்கா. இந்தத் தடி தங்கூசி முடிச்சுக்கு வழங்காது. போட்டாலும் இறுகாது. இறுகாத முடிச்சு, போடாத முடிச்சுதான்."

முடிச்சுக்குப் பதில் அவர் வைத்திருந்தது விரல்நுனி அளவு உலோகக் குழல். தங்கூசியைக் குழலுக்குள் விட்டு, முள்ளின் காதில் கோத்து, திரும்ப அதே குழலுக்குள் கொண்டுவந்தார். வெளியே நீட்டிய நுனியைத் தீக்குச்சியில் காட்டினார். நைலான் உருகி, மிளகு அளவுக்கு ஒரு மொட்டாகத் திரண்டது. மொட்டு குழலின் வாயில் முட்டும்படி இழுத்துவைத்து, இடுக்கியால் குழலை நசுக்கினார். குழலின் இரண்டு ஓரத்தையும் நசுக்காமல் விட்டதைக் கவனித்தேன். ஓரத்தை நசுக்கினால் அந்த விளிம்பே கத்தியாகித் தங்கூசியை அறுத்துவிடுமாம். அப்படியே வழுகினாலும் மொட்டு தடுத்துப் பிடிக்கும்.

சுறாவுக்கு இதுவும் போதாது. அதன் பல் தங்கூசியை ஒரே கடியில் முடித்துவிடும். அதனால் முள்ளுக்கு மேலே ஒரு முழம் இரும்புக் கம்பி. கம்பியில் முடிச்சுப் போட்டால் மடங்கிய இடத்தில் ஒடியும் என்பதால் அதை முறுக்கத்தான் வேண்டும். கம்பியைக் காதில் விட்டு மடக்கி, இரண்டு பக்கமும் சம அளவில் ஒன்றையொன்று தழுவும்படி சில முறுக்கு. பிறகு நுனியை மட்டும் நெருக்கி நெருக்கிச் சில சுற்று. முதல் பகுதி இழுவையைத் தாங்குகிறது, இரண்டாவது பகுதி அது பிரியாமல் காவல் காக்கிறது. மிஞ்சிய நுனியைப் பெரியவர் வெட்டவில்லை. பிடிபோல மடக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டி ஒடித்தார். வெட்டினால் கூர்முனை நிற்கும், தூண்டில் இழுக்கும்போது உள்ளங்கையைக் கிழிக்கும் என்று சொல்லித் தன் கையைக் காட்டினார். அதில் பழைய தழும்புகள் நிறைய.

மத்தியானம் அந்த வீட்டிலேயே மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் போட்டார்கள். தடைக்காலத்தில் சாளை ஏது என்று கேட்க நினைத்து, வாயில் வைத்ததும் கேட்காமல் விட்டேன். தேங்காய் அரைத்து, புளி தூக்கலாக விட்ட குழம்பு. காவிரிக்கரையில் நாங்கள் வைக்கும் கெண்டைக் குழம்பு இதன் பக்கத்தில் நிற்காது என்று சொல்ல எனக்கு வருத்தம்தான்.

முட்டம்

முட்டத்துப் பாறைகளைப் பாரதிராஜா படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. மழை விட்ட ஒரு மாலையில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். கரையில் ஃபைபர் படகுகளுக்கு நடுவே ஒரு பழைய கட்டுமரம் கிடந்தது. ஓர் ஆணிகூட இல்லாமல் கயிற்றால் மட்டுமே இறுக்கிய மரங்கள். இதில் ஏறிக் கடலுக்குப் போனவர்களுக்குத் தூண்டில் முடிச்சு ஒரு பொருட்டாகவா இருந்திருக்கும் என்று தோன்றியது. முடிச்சு விஷயமாக முட்டத்தில் நான் கற்றது வேறொன்றும் இல்லை. காற்று நன்றாக இருந்தது.

மணப்பாடு

திருச்செந்தூருக்குத் தெற்கே வந்ததும் மழை நின்றுவிட்டது. மேற்குமலைக்கு இந்தப் பக்கம் ஜூனில் காற்று மட்டும்தான். தேரிமணல் சிவப்பு, பனை, உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி. பிறகு திடீரென்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்குன்றும் அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலும். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை குன்றின் கடல்பக்கச் சரிவில் இருக்கிறது. கோயில் 1581ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

குன்றடிப் பாறையில் ஒரு இளைஞன் ராடு வீசிக்கொண்டிருந்தான். கப்பலில் வேலை, விடுப்பில் வந்திருக்கிறான். ரீல் நிறையப் பச்சைநிறப் பின்னல் நூல். பாரை மீனுக்கு உலோகத் தகடு மாதிரி ஒரு லூர், அதாவது பொய் இரை, எறிகிறான். நான் பேச்சுக் கொடுத்ததும், "சார், மொதல்ல இதைப் பாருங்க" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்தான். நண்பன் ஒருவன் நேற்று மீனோடு சேர்த்துப் பறிகொடுத்த நூலின் நுனி. பிசிறோ கிழிசலோ இல்லை. சுருண்டு சுருண்டு நின்றது.

"அறுந்திருந்தா சுருளாது. இது கழண்டு போன நூல். நைலானுக்குப் போடுற கிளிஞ்ச் முடிச்சை இதுல போட்டிருக்கான்."

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பின்னல் நூல் என்பது மிகப்பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் அதே இழை. தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். இழுத்தால் நீளாது. பத்துக் கிலோ தாங்கும் நைலான் நரம்பு அரை மில்லிமீட்டரை ஒட்டித் தடிமன் இருக்கும். பின்னல் நூலில் அதே பலத்துக்கு அதில் பாதித் தடிமன்கூட வேண்டாம். ஆனால் அதன் மேல்பரப்பு பயங்கர வழுக்கல். நைலான் முடிச்சு நிற்பதற்குக் காரணம், இறுக்கும்போது ஒரு சுற்று இன்னொரு சுற்றில் கொஞ்சம் அமுங்கிக் கடித்துக்கொள்வது. பின்னல் நூலுக்கு அந்தக் கடி கிடையாது. ஐந்து சுற்றுக் கிளிஞ்ச் முடிச்சு அதில் மெல்ல மெல்ல நழுவி ஒருநாள் அவிழ்ந்துவிடும். முடிச்சுப் போட்டவன் நூலைத் திட்டுவான்.

அவன் நேராக லூரில் கட்டும்போது போடுவது பாலோமர். நூலை இரட்டையாக மடித்துக் காதில் விட்டு, சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போட்டு, அந்தக் கண்ணிக்குள் முள்ளையோ லூரையோ முழுசாக நுழைத்து எடுத்து இழுக்க வேண்டும். காதின்மேல் இரண்டு இழை உட்காருவதால் நழுவ இடமில்லை. பெரிய லூரைக் கண்ணிக்குள் நுழைப்பது தொல்லை என்பது ஒன்றுதான் இதன் குறை.

மணப்பாட்டுப் பாறையில் பின்னல் நூலை அப்படியே விட முடியாது. இழுவைக்கு இரும்பாக நிற்கும் இந்த நூல், சிப்பி ஒட்டிய பாறையில் ஒருதரம் உரசினால் தீர்ந்தது. அதனால் முன்னால் ஒரு பாகம் ஃபுளோரோகார்பன் லீடர். ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971 முதல் மீன்பிடிக்கென்று விற்கத் தொடங்கிய சரக்கு. கெட்டியானது, தண்ணீரில் மூழ்கும், நைலானைப் போலத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளாது, தண்ணீருக்குள் மீன் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. அப்படியானால் மெல்லிய வழுக்கல் நூலையும் தடித்த விறைப்பு நரம்பையும் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். அதற்கு அவன் போட்டுக் காட்டியது எஃப்ஜி முடிச்சு.

லீடரின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டான். பின்னல் நூலை இரண்டு கை விரல்களிலும் விறைப்பாக இழுத்துப் பிடித்து, லீடரை அதன்மேல் ஒருதரம் மேலாக, ஒருதரம் கீழாகப் போட்டான். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல ஒவ்வொரு சுற்றும் முன் சுற்றோடு ஒட்டி உட்கார்ந்தது. இருபது சுற்றுக்குக் குறையாது. பிறகு பாதி முடிச்சுகளால் பூட்டி, எச்சில் தொட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு இழுத்தான். வெளிர்பச்சையாக இருந்த பின்னல் சட்டென்று கரும்பச்சையானது. சுற்றுகள் லீடரைக் கவ்விவிட்டதற்கு அதுதான் அடையாளமாம். இதில் லீடர் எங்கும் மடங்கவில்லை. நேராக நிற்கிறது; இழுக்க இழுக்க நூல் அதை நெரிக்கிறது. ராடின் வளையங்களில் தட்டாமல் ஓடும்.

அழகான வேலை. ஆனால் இருட்டில், ஆடும் படகில், பசியோடு இருக்கிறவன் இதைப் போடுவானா? அவனிடமே கேட்டேன். சிரித்தான். "அப்போ ரெட்டை யூனி முடிச்சுதான் சார்."

தூத்துக்குடி

உப்பளத்தின் வெள்ளை வெயிலில் கண் கூசியபடி ஊருக்குள் நுழைந்தேன். தெரேஸ்புரத்தில் வள்ளங்கள் வரிசையாக நின்றன. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. கச்சான் காற்றுதான் அவர்களுக்குத் தடை. மீன்பிடிச் சாமான் விற்கும் ஒரு கடையில் அண்ணாச்சி ஒருவரைப் பிடித்தேன். வாங்கிப்போன மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து வைத்ததும் பேச்சு சூடுபிடித்தது.

அவர் தாத்தா காலத்தில் பருத்தி நூல். மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துக் காயவைத்தாலும் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்கிவிடும். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1938இல் உலகத்துக்கு அறிவித்த நைலான் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. "மக்காது. ஆனா தண்ணியக் குடிக்கும், குடிச்சா கொஞ்சம் தொய்யும், பலமும் கொஞ்சம் குறையும். டப்பாவில போட்டிருக்கிற கணக்கு காஞ்ச நரம்புக்கா நனைஞ்ச நரம்புக்கான்னு எவனும் கேக்கான் இல்ல."

கடையில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு தொங்கியது. ஒரே சுருளிலிருந்து இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றில் நம் வீட்டில் மூட்டை கட்டும் சாதா முடிச்சு. இன்னொன்றில் யூனி: நரம்பைக் காதில் விட்டு, பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து, ஒரு கண்ணி விட்டு, அந்தக் கண்ணிக்குள்ளேயே இரட்டை இழையையும் தழுவி ஐந்தாறு சுற்று. புளோரிடாவில் விக் டுனவே என்ற மீன்பிடி எழுத்தாளர் பரப்பிய முடிச்சு என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது; தெரிந்து ஆவதும் ஒன்றுமில்லை. சாதா முடிச்சுத் துண்டு, சொன்ன பலத்தில் ஏறக்குறையப் பாதியிலேயே பட்டென்று போனது. யூனி, தராசு முள் அந்தப் பலத்தை நெருங்கும்வரை தாக்குப்பிடித்தது.

காரணத்தை அவர் விளக்கியது இப்படி: நரம்பு இழுவையால் அறுவதில்லை, மடிப்பால் அறுகிறது. சாதா முடிச்சில் ஒரே இடத்தில் கூர்மையாக மடிந்து தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. சுற்றுகள் உள்ள முடிச்சில் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து இறங்குகிறது. அதற்காகச் சுற்றுகளை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. தடித்த நரம்புக்கு மூன்று சுற்றே போதும், ஆறு போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காராது. மெல்லிய வழுக்கல் நூலுக்கு எட்டு வேண்டும்.

இறுக்கும் முன் நனைக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர் விடாப்பிடி. காய்ந்த நரம்பைச் சடாரென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் மேல்தோல் கருகி வெளுத்துப்போகும். ஃபுளோரோகார்பன் இதில் இன்னும் மோசம். எச்சில் தொட்டு, மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். வெளுத்த முடிச்சைக் கண்டால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி போட வேண்டும், சோம்பேறித்தனம் படக்கூடாது.

கடைசியாக ஒரு டப்பா முள்ளைக் கொட்டினார். நார்வேயின் முஸ்தாட். தலையில் காது இல்லை, தட்டித் தட்டையாக்கியிருந்தது. இதில் எதைக் கோப்பது? கோப்பதில்லை, முள்ளின் தண்டிலேயே நரம்பை நெருக்கிச் சுற்றி அடியில் விட்டு இழுக்க வேண்டும். தட்டையான தலை சுற்று நழுவாமல் பார்த்துக்கொள்ளும். நரம்பும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதால் இழுக்கும்போது முள் சாயாது, நேராக ஏறும். காதுள்ள முள் வந்தபின்னும் இங்கே கலவாவுக்குப் போகிறவர்கள் இந்தத் தண்டுக் கட்டைத்தான் நம்புகிறார்கள். நான் பார்த்த அத்தனை முடிச்சிலும் என் மனசுக்குப் பிடித்தது இதுதான்.

பாம்பன்

பாம்பனில் கச்சான் முகத்தில் மணலை அடித்தது. தென்கடல் வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது, வடகடல் குளம்போலக் கிடந்தது. ஒரு பாலத்தின் அகலத்துக்கு இருபுறமும் இப்படி இரண்டு கடல். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் படம் எடுக்கிற கூட்டத்துக்குப் பக்கத்தில், 1914 முதல் ரயில் போன பழைய பாலம் அம்போ என்று நின்றது.

தென்கடலில் பவளப்பார். 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்கு வெளியே உள்ள பாரில் கைத்தூண்டில் போடுகிற பெரியவர் ஒருவர், காற்று தணியட்டும் என்று வலைக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நரம்பு ஒரு மில்லிமீட்டர் இருக்கும். பிடிக்கிற விளமீனுக்கு இவ்வளவு தடி எதற்கு?

"மீனுக்கு இல்ல தம்பி, கைக்கு. மெல்லிசு நரம்புல பத்துக் கிலோ மீன் இழுத்தா வெரலு ரெண்டாப் போகும்." சைக்கிள் டியூபை வெட்டி விரலுக்கு உறை போட்டிருந்தார்.

மணப்பாட்டிலிருந்து நான் வாங்கிவந்திருந்த பின்னல் நூலை எடுத்துக் காட்டினேன். விரலில் ஒருமுறை ஓட்டிப்பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பாருக்கு ஆகாது."

அவருடைய தூண்டிலின் அமைப்பில்தான் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. முள்ளை நல்ல நரம்பில், மூன்று சுற்றுக் கட்டில், பலமாகக் கட்டியிருந்தார். அடியில் தொங்கும் பாரத்தை மட்டும் நைந்த மெல்லிய நூலில், சின்னப் பிள்ளைகூடப் போடும் முடிச்சில் கட்டியிருந்தார். பாரமும் ஈயம் இல்லை, துண்டு இரும்பு. பவளத்தின் பொந்தில் மாட்டுவது பெரும்பாலும் இந்தப் பாரம்தான். மாட்டினால் ஒரு வெட்டு இழுப்பு. நூல் அறுந்து பாரம் போகும், முள்ளும் நரம்பும் மீனும் மேலே வரும்.

"எந்த முடிச்சு பலம்னு கேட்டுக்கிட்டு வந்திருக்கீக. அறுந்தா எது போகணும்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. அங்க மட்டும் பலமில்லாத முடிச்சப் போடுங்க."

பேசிக்கொண்டே கை ஒரு முள்ளைக் கட்டி முடித்திருந்தது. கண் முழுக்கக் கடல் மேலேயே இருந்தது. ராத்திரித் தொழிலில் டார்ச் வெளிச்சத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்றார். அவருக்குத் தெரிந்தது மொத்தம் மூன்று முடிச்சு. நாலாவது ஒன்றின் தேவை அவருக்கு இதுவரை வரவில்லை.

அன்று ராத்திரி பாம்பனில் நான் சாப்பிட்ட கணவாய்த் தொக்கைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

திருவையாறு

ஊர் திரும்பியபோது ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. இப்போது என் கணக்கு இவ்வளவுதான். கெண்டைக்கும் கெளுத்திக்கும் நைலான், அதில் யூனி. ஆகாயத்தாமரைக்குள் கிடக்கிற விராலுக்குத் தவளை லூர், லீடர் இல்லாமல் நேராகப் பின்னல் நூல், அதில் பாலோமர். இங்கே உரசப் பாறை இல்லை, செடியை அறுத்துக்கொண்டு வர வேண்டும், அதற்கு நீளாத நூல்தான் சரி. அடித்தூண்டிலுக்குப் பாரம் மட்டும் மட்டமான நூலில். ஃபுளோரோகார்பன் எங்கள் கலங்கல் ஆற்றுக்கு வீண் செலவு.

புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர்கள் இரண்டு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுமளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். ஆற்றுக்குப் போகும் முன் முள்ளை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பாருங்கள்; சுருண்டு வந்தால் நழுவியது, பட்டென்று போனால் அறுந்தது. பின்னல் நூலை இழுக்கும்போது மட்டும் கையில் துணியைச் சுற்றிக்கொள்ள மறக்காதீர்கள், விரலை அறுத்துவிடும்.